மோதாத மோட்டார் சைக்கிள்

றோசமலருக்கு இத்தாலிய மொழி செய்தித்தாளால் வந்தது. மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்த இரண்டாம் மாதமே பொலிதேயாமாப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலை கிடைத்தது. சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற வீட்டுக்கார அம்மாவுக்குக் கண் மங்கிப் போயிருந்தது. ஆனால் காலைச் செய்தித்தாள் இல்லாமல் கோப்பி தொண்டைக்குள் இறங்காது. மகன் வந்து வாசித்துக்கொண்டிருந்தான். அவன் வரவு குறையக் குறைய, நிலம் துடைத்துக்கொண்டிருந்த றோசமலரைக் கூப்பிட்டு, "நீ வாசி" என்றாள் சிஞ்ஞோரா. பொருள் விளங்காமல் எழுத்துக்கூட்டத் தொடங்கியவள், எட்டு வருடத்தில் வழக்குச் செய்தி, மரண அறிவித்தல், நகரசபை விவாதம் எல்லாவற்றையும் தங்குதடையின்றி வாசித்தாள். அதனால் அவள் பேசுகிற இத்தாலியம் ஒரு தினுசானது. பல்லாறோ சந்தையில் மீன் விலை கேட்கும்போதுகூட 'மேற்படி' என்பதுபோல ஒரு சொல் வந்து விழும். மீன்காரர்கள் அவளை வக்கீலம்மா என்று கூப்பிட்டார்கள்.

சிஞ்ஞோரா இறந்தபிறகு அதே வீட்டில் மருமகளுக்கு வேலை செய்தாள். கணவன் ஸ்ரான்லி ஒரு உணவகத்தின் சமையலறையில். மகள் படித்து முடித்து மிலானோவுக்குப் போய்விட்டாள். இவ்வளவுதான் குடும்பம். மிச்ச நேரமெல்லாம் ஊர்க் காரியம்.

ஊர்க் காரியம் என்றால், அவள் குடியிருந்த அல்பெர்கேரியாப் பகுதியில் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் போடுகிற மேசை. புதிதாக வந்து இறங்குகிற தமிழ் ஆட்களுக்காக ஐந்துபேர் சேர்ந்து நடத்திய உதவிக்குழு அது. கிறிகோரி அண்ணை தலைவர். முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஊரில் இருக்கிறவர், பாதிரியாருக்கு வலக்கை மாதிரி. அகதி விண்ணப்பம், பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி, சுகாதார அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு என்று யாருக்கு எது வேண்டுமோ அதற்கு ஒருவர் கூடப் போவார். வாயால் ஆக வேண்டிய காரியம் எல்லாம் றோசமலரின் தலையில். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் வரிசையைப் பார்க்கிற பொலிஸ்காரர்கூட அவள் முகம் கண்டால் தலையசைப்பார். ஒரு துப்புரவுக்காரி செய்தித்தாள் மொழியில் பேசுவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அவள் சொன்னால் கேட்டார்கள்.

விமலராஜும் மனைவி ஜூலியும் அந்த மேசைக்கு வந்தது போன வருடம் ஆவணியில். இருவரும் தீவுப் பக்கத்து ஆட்கள். விமலராஜுக்கு முப்பத்திரண்டு வயது, கடலுக்குப் போனவன். அகதி விண்ணப்பம் கொடுத்த துண்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தான். றோசமலர் அவர்களுக்குத் தன் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி ஒரு மூன்றாம் மாடி அறை பிடித்துக் கொடுத்தாள். ஜூலியை மண்டபத்து மொழி வகுப்பில் சேர்த்தாள். சட்டப்படி வேலை செய்யலாம் என்ற நாள் வந்ததும், "அக்கா, என்ன வேலையெண்டாலும் செய்வன். சும்மா இருக்க விசர் பிடிக்குது" என்று விமலராஜ் வந்து நின்றான்.

றோசமலர் ஃப்ரான்செஸ்கோவுக்குப் போன் எடுத்தாள்.

ஃப்ரான்செஸ்கோவுக்கு நகரத்து ஓரத்துச் சியாகுல்லியில் ஒரு மண்டரின் தோடம்பழத் தோட்டம், தகப்பன் வழி வந்தது. அறுபது வயது, பெரிய உடம்பு, மெல்லிய குரல். பதினைந்து வருடமாக எங்கள் ஆட்களை வேலைக்கு எடுக்கிற மனிதன். மாசி பிறந்தால் பழப்பெட்டிகளைக் கோயில் மண்டபத்தில் கொண்டுவந்து இறக்குவான். "வணக்கம்" என்று சொல்லப் பழகியிருந்தான். றோசமலரின் மகள் கோயிலில் முதல் நன்மை எடுத்த நாள் விருந்தில் இருந்து சோறும் கறியும் கையால் சாப்பிட்டவன். அவனைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

வேலை கார்த்திகையில் தொடங்கியது. எழுத்து ஒப்பந்தம் எங்கே என்று றோசமலர் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் ஃப்ரான்செஸ்கோ சிரித்துக்கொண்டு, "தொமானி, றோசா, தொமானி" என்றான். நாளைக்கு, நாளைக்கு. கணக்காளர் நோயாக இருக்கிறார், அறுவடை முடியட்டும் என்று ஒவ்வொரு தரமும் ஒரு காரணம் இருந்தது. தெரிந்த மனிதன் அல்லவா என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. பொலிதேயாமா வீட்டில் றோசமலர் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஃப்ரான்செஸ்கோ.

"றோசா, பதறாதே. விமலை றோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. மோதினவன் நிற்கவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டிருக்கிறேன். அவனுக்கு மொழி தெரியாது. நீ போய்ச் சொல்லு."

"உயிருக்கு?"

"கால்தான். கண் முழித்துப் பார்த்தான். எனக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள், நான் திரும்பிப் போகவேண்டும்."

"பெரிய நன்றி, சிஞ்ஞோர் ஃப்ரான்செஸ்கோ. உங்களுக்குப் பெரிய நன்றி" என்றாள் றோசமலர். இஸ்திரியை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரிக்கு ஒரு துண்டு எழுதி வைத்துவிட்டு ஓடினாள்.

அல்பெர்கேரியாவுக்குப் போய் ஜூலியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணியாகிவிட்டது. ஜூலி சமைத்துக்கொண்டிருந்த கையைக் கழுவாமலே வந்திருந்தாள், விரலில் மஞ்சள் காய்ந்திருந்தது. விமலராஜை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தாதி தாளை வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். றோசமலர் சொன்னாள். பிறகு பொலிஸ் உடையில் ஒரு பெண் அதிகாரி வந்தாள். நாற்பது வயதிருக்கும், குட்டையாக வெட்டிய தலைமுடி. அவளுக்கும் றோசமலர் சொன்னாள். எந்த இடம், எத்தனை மணி, என்ன நிற மோட்டார் சைக்கிள் என்று அதிகாரி கேட்க, றோசமலர் ஃப்ரான்செஸ்கோவுக்குப் போன் எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தோட்டத்துக்கு வெளியே திருப்பத்தில், மதியம் ஒரு மணியளவில், கறுப்பு நிறம், இலக்கத் தகடு காணவில்லை. எட்டு வருடம் வாசித்த விபத்துச் செய்திகளெல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. வசனங்கள் ஒழுங்காக வந்து நின்றன. அதிகாரி எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். றோசமலர் கீழே கையொப்பம் வைத்தாள்.

ஆறு மணிபோல டொக்டர் வெளியே வந்தார். இளம் மனிதர், கண்ணுக்குக் கீழே முகமூடி அழுத்திய தடம். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, வலது தொடை நொறுங்கியிருக்கிறது, முதல் சத்திரசிகிச்சை முடிந்தது, இன்னொன்று செய்யவேண்டும் என்றார். றோசமலர் ஜூலிக்குச் சொன்னாள். டொக்டர் போகாமல் நின்றார்.

"ஒரு விஷயம். மோட்டார் சைக்கிள் என்று எழுதியிருக்கிறது. மோதினால் அடித்துவிட்டுப் போகும். இந்தக் கால் ஒரு பாரத்துக்குக் கீழே கனநேரம் கிடந்திருக்கிறது. காயம் முழுக்கத் தோட்டத்து மண். நீங்கள் நேரே கண்டீர்களா?"

"இல்லை. எனக்குச் சொன்னார்கள்."

"யார்?"

றோசமலர் கையிலிருந்த போனைக் கைப்பைக்குள் வைத்தாள்.  டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, தாதியிடமிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். விமலராஜின் உடுப்பு.

ஜூலி அந்தப் பையை மடியில் வைத்துத் திறந்தாள். வெட்டி எடுத்த காற்சட்டை. ஒற்றைச் சப்பாத்து. சட்டை மடிப்புகளுக்குள் பச்சை இலைகள், காம்போடு, கசங்காமல். அடியில் பழம் கொய்கிற சின்னக் கத்தரி. அதன் நாடாவை மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். இது முடிச்சு அவிழாமல், கத்தியால் அறுத்து எடுத்திருந்தது.

"றோட்டில போறவர் ஏன் அக்கா இதைக் கையில கட்டிக்கொண்டு போறார்?" என்று ஜூலி கேட்டாள்.

 வேலை முடிந்து வரும்போது அவிழ்க்க மறந்திருப்பான் என்று றோசமலர் சொன்னாள். சொல்லும்போதே தெரிந்தது, ஒரு மணிக்கு அங்கே யாருக்கும் வேலை முடிவதில்லை.

மறுநாள் காலை விமலராஜ் கண் திறந்திருந்தான். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. ஜூலி அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்க, றோசமலர் குனிந்து கேட்டாள்.

"தம்பி, என்ன நடந்தது? மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கத்தால வந்தது?"

"என்ன மோட்டார் சைக்கிள்?"

"உன்னை அடிச்சது."

அவன் அவளை விளங்காமல் பார்த்தான். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பழப்பெட்டி ஏற்றுகிற மோட்டார் வண்டில். மழையில் நனைந்த மண். படிப்படியாக வெட்டிய தோட்டத்தின் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்குத் திருப்புகிற இடத்தில் கல் வரம்பு சரிந்தது. வண்டில் பெட்டிகளோடு அவன் மேல் வந்து விழுந்தது. மற்றவர்கள் ஓடிவந்து தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. யாரோ ஒருவன் அம்புலன்சுக்கு அடிக்கப் போனைக் கையில் எடுத்தான். ஃப்ரான்செஸ்கோ அந்தப் போனைப் பறித்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டான்.

"பிறகு தடி குடுத்துத் தூக்கினவை. என்னை அவற்ற பிக்கப்பில பின்னால போட்டவை, வெறும் பெட்டியளுக்கு நடுவில. மேல படங்கால மூடினவை. கொஞ்சத் தூரம் போய் நிப்பாட்டிப்போட்டார். கனநேரம் நிண்டது, அக்கா. நான் கத்தினனான். அவர் போனில கதைச்சுக்கொண்டு நிண்டவர். உங்கட பேர் கேட்டது. நீங்கள் சொல்லித்தான் பிக்கப் நிக்குது எண்டு நினைச்சன். பிறகு வந்து படங்கைத் தூக்கி, 'றோசா பாத்துக்கொள்ளுவா' எண்டு சொன்னவர். அது மட்டும் விளங்கினது."

றோசமலர் தன் போனை எடுத்தாள். ஏன் எடுக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. அழைப்புப் பட்டியலைப் பார்த்தாள். ஃப்ரான்செஸ்கோ, வியாழக்கிழமை, ஒன்று முப்பத்தைந்து. கட்டில் தலைமாட்டில் தொங்கிய தாளில் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் எழுதியிருந்தது. இரண்டு இருபது.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் விட்டிருக்கிறேன் என்று அவன் சொன்னபோது இந்தப் பிள்ளை படங்குக்குக் கீழே கிடந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறான். அவள் அந்தநேரம் போனில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் சொன்னாள்.

"அக்கா." ஜூலியின் குரல் கேட்டது. "உங்களுக்கு முதலே தெரியுமே?"

"இல்லைப் பிள்ளை."

"உங்கட பேரைச் சொல்லியிருக்கிறாரே."

றோசமலர் நிமிர்ந்து பார்த்தாள். ஜூலி கட்டிலின் மற்றப் பக்கத்துக்குப் போய் நின்றிருந்தாள். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அது பயம். ஆறு மாதம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை இப்போது தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று விளங்க றோசமலருக்குக் கொஞ்சநேரம் பிடித்தது.

கிறிகோரி அண்ணையிடம் போனாள். அவர் கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல அந்தாளின்ர வாயால கேப்பம்" என்றார். அவர் கூப்பிட்டு, சனிக்கிழமை காலையில் ஃப்ரான்செஸ்கோ மண்டபத்துக்கு வந்தான். ஒளிப்பான், மறுப்பான், குறைந்தது தடுமாறுவான் என்று றோசமலர் எதிர்பார்த்தாள். அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஓம், வண்டில்தான்" என்பதுபோலத் தலையாட்டினான்.

"நான் என்ன செய்ய, றோசா? அம்புலன்ஸ் வந்தால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் வேலைப் பரிசோதகர் வருவார். அன்று தோட்டத்தில் உங்கள் ஆட்கள் ஏழுபேர். ஒருவனுக்கும் எழுத்து ஒப்பந்தம் இல்லை. ஏழுபேரும் வேலையில்லாமல் வீட்டுக்குப் போகவேண்டி வரும். என் அப்பாவின் தோட்டம் கையை விட்டுப் போகும். நான் அவனைக் கைவிடவில்லையே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேனே."

"எனக்குச் சொல்லி முக்கால் மணித்தியாலம் கழித்து."

"யோசிக்க நேரம் வேண்டாமா?"

அவன் குரல் எப்போதும்போல மெல்லியதாக, அன்பாகத்தான் இருந்தது. கண்கூடக் கலங்கியிருந்தது. பழப்பெட்டி இறக்கும்போது கேட்கிற அதே குரல். றோசமலர் அந்த முகத்தில் வேறொருவனைத் தேடினாள். பதினைந்து வருடமாகத் தெரிந்த மனிதன்தான் அங்கே இருந்தான்.

"அவன் எழும்பி நடக்கும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான் அவன். "நீ பொலிசுக்குச் சொன்னது சொன்னதாக இருக்கட்டும். கையொப்பமும் வைத்துவிட்டாய். இனி மாற்றினால் உன்னையல்லவா கேட்பார்கள்? உனக்கேன் அந்தக் கஷ்டம்."

மிரட்டுகிறானா, உண்மையாகவே அவளுக்காகக் கவலைப்படுகிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

அவன் போனபிறகு கிறிகோரி அண்ணை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏழு குடும்பம், றோசமலர். வேற ஆர் எங்கட ஆக்களை எடுக்கிறான்? கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம்."

"அவன் படங்குக்குக் கீழ கிடந்தவன், அண்ணை."

"நான் இல்லையெண்டு சொல்லேல்லை. விமலுக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்வம். பொலிசுக்குப் போய் என்ன வரப்போகுது எண்டுதான் கேக்கிறன்."

அவரையும் அவள் அன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்ததுபோல இருந்தது. எத்தனை பேரை விமான நிலையத்திலிருந்து தோளில் பை தூக்கிக் கூட்டிவந்த மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் போகவில்லை. ஸ்ரான்லி போய்வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "கோயில்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஆளுக்கொரு கதை" என்றான்.  அவன் தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து முன்னால் வைத்தான். "நாளைக்கு எனக்கு லீவு நாள். எத்தினை மணிக்குப் போறாய்? நானும் வாறன்" என்றான்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண் அதிகாரியின் அறைக்குள் றோசமலர் தனியே போய் உட்கார்ந்தாள். வழி முழுக்க வசனங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் ஒன்றும் இல்லை. எட்டு வருடச் செய்தித்தாளும் எங்கேயோ போய்விட்டது. "நான் சொன்னது உண்மை இல்லை. எனக்குச் சொன்னது, நான் சொன்னது. அது பொய். மோட்டார் சைக்கிள் இல்லை" என்று, நேற்று வந்து இறங்கினவள்போல உடைந்த சொற்களில் சொன்னாள்.

அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தாள். பிறகு ஆரம்பத்திலிருந்து கேட்டாள். றோசமலர் போனில் இருந்த நேரத்தைக் காட்டினாள். கத்தரியைப் பற்றிச் சொன்னாள். எழுத எழுத நான்கு பக்கம் ஆனது. கடைசியில் அதிகாரி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"விமலராஜை அங்கே வேலைக்கு விட்டது யார்?"

"நான்தான்."

"வேறு யாரையும் அந்தத் தோட்டத்துக்கு அனுப்பினீர்களா?"

றோசமலர் நினைத்துப் பார்த்து எண்ணினாள். "இத்தனை வருடத்தில் பதினொரு பேர்."

"எல்லாரும் எழுத்தில்லாமல்?"

"சிலருக்குப் பிறகு எழுதினார்."

"அதற்கு உங்களுக்கு அவர் என்ன தருவார்?"

கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. மொழி விளங்கியது. அதிகாரி இன்னொரு தரம், மெதுவாகக் கேட்டாள். ஆட்களைப் பிடித்துத் தோட்டங்களுக்குக் கொடுத்து இரண்டு பக்கமும் வாங்கித் தின்கிற தரகர்களைப் பற்றி றோசமலர் எவ்வளவோ வாசித்திருக்கிறாள். அந்தச் சிஞ்ஞோராவுக்கு உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறாள். தரகர் என்ற அந்தச் சொல் இப்போது தன் பக்கமாகத் திரும்பி நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. 

"பழம் தருவார்" என்றாள். "மாசி மாதம். கோயிலுக்கு."

அதிகாரி அதையும் எழுதினாள்.

வெளியே வாங்கில் இருந்த ஸ்ரான்லி அவள் முகத்தைப் பார்த்து எழுந்து கையைப் பிடித்தான். பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் அவள் சொன்னாள்.

"நான் ஆக்களை வித்தனானோ எண்டு கேக்கினம்."

"நீயோ?"

"அவ பிழையாக் கேக்கேல்லை. வெளியில இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்."

அதன்பிறகு அவளை இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். அவள் வைத்திருந்த கொப்பியைக் கேட்டு வாங்கினார்கள். யார் எந்தத் திகதியில் எங்கே போகவேண்டும் என்று பதினெட்டு வருடமாக எழுதி வைத்த கொப்பி. தமிழில் இருந்ததால் அதை மொழிபெயர்க்க வேறொரு ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாளாம். தன் எழுத்தை இன்னொருத்தி உட்கார்ந்து இத்தாலியத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு றோசமலருக்குப் பல நாள் நித்திரையைக் கெடுத்தது.

பங்குனி நடுவில் பரிசோதகர்கள் தோட்டத்துக்குப் போனார்கள். ஏழுபேரில் மூன்றுபேருக்கு எழுத்து ஒப்பந்தம் வந்தது. மற்ற நாலுபேரும் பரிசோதகர்களைக் கண்ட பயத்தில் அன்று காலையே மதிலால் ஏறிப் போய்விட்டார்கள். பிறகு அவர்களை அங்கே எடுக்கவில்லை. அந்த நாலு பேரில் ஒருவனின் மனைவி கோயிலில் றோசமலருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், ஆளை அடையாளம் கண்டதும் எழும்பி இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். சனிக்கிழமை மேசையில் கிறிகோரி அண்ணை, "கொஞ்ச நாளைக்கு நீ வீட்டில இருந்து ஓய்வெடு, பிள்ளை. இந்தக் கரைச்சல் முடியட்டும்" என்றார். அவள் பேனையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பின்னேரம் முழுக்க வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியை உள்ளும் புறமும் துடைத்தாள்.

ஜூலி இரண்டு மாதத்துக்கு மேலாக அவளோடு பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். விமலராஜுக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை, மூன்றாவது, எல்லாம் றோசமலர் இல்லாமலே நடந்தன. ஜூலி வகுப்பில் படித்த இத்தாலியத்தையும் போனையும் வைத்துக்கொண்டு டொக்டர்களோடு மல்லுக்கட்டினாள். சித்திரை கழிந்து ஒருநாள் பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. ஜூலி நின்றாள். மெலிந்திருந்தாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, நாளைக்குப் பெரிய டொக்டர் வாறாராம். கால் கட்டையாப் போகும் எண்டு சொல்லுகினம்போல. எனக்கு அரைவாசிதான் விளங்குது. வருவீங்களே?"

"எத்தினை மணிக்கு?"

"ஒன்பதுக்கு."

"எட்டரைக்கு வாறன். கீழ நில்."

அவ்வளவுதான் பேச்சு. அன்று கட்டிலடியில் கேட்ட கேள்வியை ஜூலி பிறகு எடுக்கவில்லை.  மறுநாள் அந்தப் பெரிய டொக்டர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல், ஒன்றைக் கூட்டாமல் ஒன்றைக் குறைக்காமல் அவள் தமிழில் சொன்னாள். வலது கால் இரண்டு சென்ரிமீற்றர் கட்டை. நடப்பான், ஊன்றுகோலோடு. கடலுக்கோ தோட்டத்துக்கோ போகமாட்டான். விமலராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். ஜூலி அவன் காலடியில் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

ஆடியில் அவனை வீட்டுக்கு விட்டார்கள். மூன்றாம் மாடி ஏற முடியாதென்று குழுவில் இருந்த மற்ற மூன்றுபேரும் சேர்ந்து கீழ்த் தளத்தில் ஓர் அறை தேடிக் கொடுத்தார்கள். சாமான் தூக்கக் கிறிகோரி அண்ணையும் வந்தார். றோசமலரோடு வானிலையைப் பற்றிப் பேசினார். சுரண்டப்பட்ட தொழிலாளி என்று சாட்சி சொன்னதால் விமலராஜுக்குத் தனியாக ஒரு பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அகதி விண்ணப்பம் இன்னும் இழுபடுகிறது. இப்போது ஒரு சைக்கிள் திருத்துகிற கடையில் உட்கார்ந்தபடியே வேலை செய்கிறான், எழுத்து ஒப்பந்தத்தோடு. அந்த ஒப்பந்தத்தை றோசமலர் நாலு தரம் வாசித்தாள்.

அவள்மேல் ஒன்றும் இல்லை என்று ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. கொப்பியும் திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்க மூலையிலும் யாரோ பென்சிலால் இலக்கம் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை மேசைக்கும் போகத் தொடங்கினாள். கூப்பிட்டது கிறிகோரி அண்ணைதான். ஆள் காணாது என்றார். இப்போது யாருக்காவது வேலை என்று வந்தால், அவள் முதலாளியை நேரில் கண்டு, ஒப்பந்தத் தாள் மேசையில் இருந்தால்தான் பெயரைச் சொல்கிறாள். அதனால் பலபேர் அவளிடம் வேலைக்கு வருவதில்லை.

ஃப்ரான்செஸ்கோவின் வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. தோட்டம் அவன் கையில்தான் இருக்கிறது. மார்கழியில் ஒருநாள் காலை, பல்லாறோவில் மீன்கடைக்கு முன்னால், யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினாள். அவன்.

"எப்படி இருக்கிறாய், றோசா? விமல் எப்படி? நடக்கிறானா?" என்றான். முகத்தில் வெட்கமோ கோபமோ இல்லை. நேற்றுப் பின்னேரம் பேசிப் பிரிந்தவன்போல நின்றான். "எவ்வளவு நாள் அவனை நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?"

அவன் உண்மையாகவே நினைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை அங்கேயே நிறுத்திவைத்தது. சனம் இரண்டு பக்கத்தாலும் இடித்துக்கொண்டு போனது. 

"நடக்கிறான்" என்றாள் கடைசியில். "மழை நாளில் படி ஏற முடியாது. நீங்கள் போய்ப் பார்க்கலாமே. கீழ்த் தளம்தான். சந்துப் பெயர் சொல்லவா?"

ஃப்ரான்செஸ்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் என்றான். சனத்துக்குள் அந்தப் பெரிய முதுகு போய் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வக்கீலம்மா, மீன் வேண்டுமா வேண்டாமா?" என்று மீன்காரன் கேட்டான்.

"ஒரு கிலோ" என்றாள் றோசமலர். எந்த மீன் என்று அவன் இரண்டாம் தரமும் கேட்கவேண்டியிருந்தது.